மறதியோடு டயாலிசிஸுக்கு வருகிறவர்கள்

1945 செப்டம்பரில், நெதர்லாந்தின் காம்பன் நகர மருத்துவமனைக்கு 67 வயதுப் பெண்மணி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சிறையிலிருந்து வந்தவர். போர்க்காலத்தில் நாஜிகளின் பக்கம் நின்றவர் என்று ஊரார் வெறுத்த பெண். சிறுநீரகங்கள் நின்றுபோய், ரத்தத்தில் யூரியா ஏறி, நினைவின்றிக் கிடந்தார். வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் அவரைத் தன் எந்திரத்தில் இணைத்தார். மரச்சட்டங்களாலான ஓர் உருளை; அதன்மேல் சுற்றிய, இறைச்சி அடைக்கப் பயன்படும் செல்லோபேன் குழாய்; உப்புநீர்த் தொட்டி. 1943-இலிருந்து அதில் இணைக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்திருந்தார்கள். இந்தப் பெண்மணி பதினோரு மணி நேரத்துக்குப் பிறகு கண்விழித்தார், பேசினார். பின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

டயாலிசிஸ் பலன் தரும் என்பதற்கு உலகுக்குக் கிடைத்த முதல் பெரிய சான்று, மங்கிப்போன ஒரு மூளை தெளிந்ததுதான். யூரியா இறங்கியது, நினைவு திரும்பியது. இன்றும் சிறுநீரகம் செயலிழந்து குழம்பிய நிலையில் வரும் நோயாளி, நாலைந்து டயாலிசிஸுக்குப் பிறகு பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு.

இந்த அத்தியாயம் அப்படித் தெளியாதவர்களைப் பற்றியது. சிறுநீரகம் கைவிடுவதற்கு முன்பாகவோ அதோடு சேர்ந்தோ டிமென்ஷியா என்ற மறதிநோய் தொடங்கிவிட்டவர்கள் இவர்கள். ரத்தம் எவ்வளவு சுத்தமானாலும் இவர்களுடைய மறதி விலகுவதில்லை. எந்திரத்தில் இணைத்தால் இவர்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள், அதைத் தொடங்குவதா வேண்டாமா என்று யார் சொல்வது? டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லும் நாளில், பெரும்பாலான குடும்பங்களில் இந்தக் கேள்விகள் எழுவதில்லை. எந்திரத்தில் இடம் இருக்கிறதா, டயாலிசிஸ் ஊசிக்காகக் கையின் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா எப்போது போடுவது, செலவுக்கு என்ன வழி என்றே பேச்சு போகிறது.

கோல்ஃபின் காலத்தில் இந்தக் கேள்விகளுக்குத் தேவையே இருக்கவில்லை. அவருடைய எந்திரம், சில நாட்களில் தானாகத் தேறக்கூடிய சிறுநீரகங்களுக்குத்தான் உதவியது. 1960 மார்ச்சில் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர், கையில் நிலையாகப் பொருத்திவைக்கும் டெஃப்லான் குழாயை உருவாக்கிய பிறகுதான் வாரா வாரம், ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் என்பது சாத்தியமானது. எந்திரங்கள் சில, நோயாளிகள் ஏராளம். யாருக்கு இடம் என்று தீர்மானிக்க அந்த ஊர்க்காரர்கள் அடங்கிய குழு ஒன்றை அமைத்தார்கள். 45 வயதைக் கடந்தவர்கள் அந்தக் குழுவின் பார்வைக்கே போகவில்லை. 1962 நவம்பரில் 'லைஃப்' இதழ் இதை எழுதியபோது அமெரிக்கா அதிர்ந்தது. 1971-இல் ஷெப் க்ளேசர் என்ற நோயாளி, 43 வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையிலேயே டயாலிசிஸ் செய்துகாட்டினார். மறு ஆண்டு சட்டம் வந்தது. 1973 ஜூலை முதல் அந்நாட்டில் டயாலிசிஸ் செலவை அரசு ஏற்கத் தொடங்கியது.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தது க்ளேசரைப் போன்றவர்கள்தான். வேலைக்குப் போகும், பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நடுவயதுக்காரர்கள். கதவு திறந்ததும் வயதானவர்களும் வந்தார்கள், வரவேண்டியதுதான். இன்று அங்கே டயாலிசிஸ் தொடங்குவோரின் சராசரி வயது அறுபதுக்கு மேல். எழுபதும் எண்பதும் அரிதல்ல. அந்த வயதோடு சேர்ந்து வருகிறது டிமென்ஷியா.

2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 1990-களின் பிற்பாதியில் டயாலிசிஸ் தொடங்கிய 2,72,024 பேரின் அரசுப் பதிவுகளை எடுத்து, தொடங்கும் முன்பே டிமென்ஷியா என்று பதிவாகியிருந்தவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். மறதிநோய் உள்ளவர்கள் இறக்கும்வரை சென்ற காலம் சராசரியாக 1.09 ஆண்டு, மற்றவர்களுக்கு 2.7 ஆண்டு. இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 24 பேர், இரண்டாம் பிரிவில் 66 பேர். டிமென்ஷியா உள்ளவர்கள் பொதுவாக வயதானவர்கள், சர்க்கரை, இதயநோய் எல்லாம் சேர்ந்தவர்கள், அதனால் சீக்கிரம் இறந்திருக்கலாமே என்று கேட்கலாம். அவற்றையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்த பிறகும் இறப்பு அபாயம் 1.87 மடங்கு இருந்தது. உலகின் பல நாடுகளில் 16,694 டயாலிசிஸ் நோயாளிகளைப் பின்தொடர்ந்த இன்னொரு பெரிய ஆய்வும் அதே ஆண்டில் வந்தது. அங்கே டிமென்ஷியா உள்ளவர்களின் இறப்பு அபாயம் 1.48 மடங்கு. டயாலிசிஸை நடுவில் நிறுத்திக்கொள்வது இரு மடங்கு.

இந்த எண்களை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் தாவக்கூடாது. டயாலிசிஸ் அவர்களைக் கொன்றது என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. மறதிநோய் உள்ளவருக்கு டயாலிசிஸ் கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கழித்தும் நான்கில் ஒருவர் இருந்திருக்கிறார் என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது. சியாட்டில் குழு செய்ததைப் போல இதை ஒரு வாசற்கதவாக்கி, மறதி உள்ளவர்களை வெளியே நிறுத்துவது கொடுமை. இது சொல்வது ஒன்றைத்தான்: இந்த நோயாளியும் இவருடைய குடும்பமும் எந்த அளவு காலத்தை எதிர்பார்க்கலாம் என்பது மற்றவர்களுடையதிலிருந்து வேறு. டயாலிசிஸ் தொடங்கும் முன்பே அதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் மருத்துவருக்கே தெரியாவிட்டால் எப்படிச் சொல்வார்?

மினியாபொலிஸ் நகரில் ஆன் மர்ரே என்ற மருத்துவரின் குழு, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 338 ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளை உட்காரவைத்து, நினைவாற்றல், மொழி, திட்டமிடும் திறன் எல்லாவற்றையும் நீளமான தேர்வுகளால் அளந்தது. 37 சதவீதம் பேருக்கு அறிதிறன் குறைபாடு கடுமையாக இருந்தது. இன்னொரு 36 சதவீதம் பேருக்கு நடுத்தரமாக. குறையே இல்லாதவர்கள் 13 சதவீதத்துக்கும் குறைவு. இத்தனை பேரில் எத்தனை பேருடைய மருத்துவக் கோப்பில் அது குறிக்கப்பட்டிருந்தது தெரியுமா? 2.9 சதவீதம்.

சிறுநீரக நோயின் உலகில் இதைவிட என்னைக் கலங்கவைக்கும் எண் வேறொன்று இல்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ஒரே நாற்காலியில், ஒரே நர்ஸ் முன்னால் உட்காருகிற மனிதர். மருத்துவ உலகில் இவ்வளவு அடிக்கடி பார்க்கப்படுகிற நோயாளி வேறு யாரும் இல்லை. பொட்டாசியம் அளக்கிறார்கள், பாஸ்பரஸ் அளக்கிறார்கள், எடையைக் கிராம் கணக்கில் பார்க்கிறார்கள். மூளை மங்குவது மட்டும் கண்ணில் படுவதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. டிமென்ஷியா என்றால் நாம் நினைப்பது அல்சைமர் நோயைத்தான்: காலையில் சாப்பிட்டதை மறப்பது, தெரு தெரியாமல் அலைவது. சிறுநீரக நோயாளிகளின் மூளையில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் நினைவு அல்ல. திட்டமிடுவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, எடுத்த முடிவில் நிற்பது ஆகிய திறன்கள். அப்படிப்பட்டவர் நர்ஸைப் பெயர் சொல்லி விசாரிப்பார், பழைய கதை பேசுவார், கிழமை சரியாகச் சொல்வார். ஆனால் எந்த மாத்திரை சாப்பாட்டோடு, எது படுக்கும்போது, எது டயாலிசிஸ் இல்லாத நாளில் என்று பத்துப் பன்னிரண்டு மாத்திரைகளைப் பிரிக்க அவரால் முடியாது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் தண்ணீர் என்று சொன்னது புரியும், ஒவ்வொரு டம்ளரையும் கூட்டிக்கொண்டே போக முடியாது. அடுத்த முறை நாலு கிலோ எடை ஏறி வருவார். 'சொன்ன பேச்சே கேட்கமாட்டேங்கிறார்' என்று கோப்பில் எழுதுவார்கள், வீட்டில் திட்டுவார்கள். அவர் கேட்க மறுக்கவில்லை, அவரால் முடியவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை வயதானவர்கள் வசை வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

சிறுநீரகமும் மூளையும் ஏன் ஒன்றாகக் கெடுகின்றன? இரண்டும் ரத்தத்தில் குளிக்கும் உறுப்புகள். உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லாத இரு சிறுநீரகங்கள், இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. எடையில் இரண்டு சதவீதமான மூளை, ஏழில் ஒரு பங்கை. இரண்டிலும் பெரிய தமனியிலிருந்து நேரடியாகக் கிளைத்துப்போகும் மிக நுண்ணிய குழாய்கள் உண்டு. இரண்டிலும் ரத்தம் நாள் முழுக்க அதிக விசையில் பாய்கிறது. இருபது வருஷ ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அந்த நுண்குழாய்களின் சுவரைத் தடிப்பாக்கும்போது, சிறுநீரகத்தில் அது புரதமாக ஒழுகி, கிரியேட்டினினாக ஏறி, ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிறது. மூளைக்கு அப்படி ஒரு பரிசோதனை இல்லை. கை கால் இழுக்காத, யாருக்கும் தெரியாத சின்னச் சின்ன அடைப்புகள் அங்கே சேர்ந்துகொண்டே போகின்றன. அமெரிக்காவில் 23,405 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், சிறுநீரக வடிகட்டும் திறன் (eGFR) 60-க்குக் கீழே ஒவ்வொரு பத்துப் புள்ளி இறங்கும்போதும் அறிதிறன் குறைபாடு 11 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. டயாலிசிஸுக்கு வெகு தூரத்தில் இருக்கும்போதே மூளையின் பாதிப்பு தொடங்கிவிடுகிறது.

இதன்மேல் ரத்தசோகையும், சிறுநீரில் போகாமல் தேங்கும் கழிவுகளும் சேர்கின்றன. பிறகு டயாலிசிஸும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்கிறது. இரண்டு நாளாகச் சேர்ந்த இரண்டு மூன்று லிட்டர் நீரை நாலு மணி நேரத்தில் உறிஞ்சி எடுக்கும்போது ரத்த அழுத்தம் தாழ்கிறது. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் பன்னிரண்டு முதியவர்களை டயாலிசிஸ் நடக்கும்போதே ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் சராசரியாகப் பத்து சதவீதம் குறைந்திருந்தது. வாரம் மூன்று தடவை என்றால் வருஷத்துக்கு நூற்று ஐம்பது தடவைக்கு மேல். இங்கிலாந்தில் 73 நோயாளிகளிடம் ஒரு சோதனை: பாதிப் பேருக்கு டயாலிசிஸ் திரவம் 37 டிகிரியில், மீதிப் பேருக்கு அவரவர் உடல் வெப்பத்தைவிட அரை டிகிரி குளிராக. ஓராண்டு கழித்து எடுத்த ஸ்கேனில், குளிர்ந்த திரவம் பெற்றவர்களின் மூளை வெண்பொருள் காப்பாற்றப்பட்டிருந்தது. குளிரில் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பிறகு கனடாவின் ஒன்டாரியோவில் 84 மையங்களில், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இதைச் செய்து பார்த்தபோது, இதயநோய் மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை. நோயாளிகள் குளிர்கிறது என்றார்கள். அது இதயத்தை அளந்த சோதனை, மூளையை அளந்ததல்ல என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

டயாலிசிஸே டிமென்ஷியாவை உண்டாக்கிய ஒரு காலமும் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் டென்வர் நகரில் ஆலன் ஆல்ஃப்ரி தன் நோயாளிகள் சிலரிடம் விநோதமான ஒரு நோயைக் கண்டார். முதலில் பேச்சு திக்கும். பிறகு கைகால் வெட்டி வெட்டி இழுக்கும். அடுத்து வலிப்பு, முழு மறதி, சில மாதங்களில் மரணம். 1976-இல் அவர் குற்றவாளியைச் சுட்டினார்: அலுமினியம். இங்கிலாந்தின் நியூகாசில் நகர மருத்துவர்கள், அது டயாலிசிஸுக்குப் பயன்படும் தண்ணீர் வழியாக வருகிறது என்று காட்டினார்கள். குடிநீரைத் தெளிவிக்க நகராட்சிகள் அலுமினியம் சல்ஃபேட் போடுகின்றன. நாம் குடத்தில் படிகாரம் கலக்குவதும் இதே தத்துவம்தான். குடிக்கிறவருக்கு அது ஆபத்தில்லை, குடல் உள்ளே விடாது, சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். டயாலிசிஸ் நோயாளிக்குச் சிறுநீரகம் இல்லை, குடலின் காவலும் இல்லை. ஒரு தடவைக்கு நூற்று இருபது லிட்டர் தண்ணீர், மெல்லிய சவ்வுக்கு அப்பால் அவருடைய ரத்தத்தைத் தொட்டுக்கொண்டே போகிறது. ஆர்.ஓ. எந்திரங்கள் வந்த பிறகு அந்த நோய் ஏறக்குறைய மறைந்தது. ஆனாலும் 1996-இல் கரீபியன் தீவான குராசாவில், புதிதாகப் பதித்த தண்ணீர்க் குழாயின் உட்புறச் சிமெண்ட் பூச்சிலிருந்து அலுமினியம் கரைந்துவந்து, ஒரே மையத்தின் 27 நோயாளிகளில் பத்துப் பேர் இறந்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள் என்றால், எந்திரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தத் தண்ணீரை எப்போது பரிசோதித்தார்கள் என்றும் கேளுங்கள்.

மறதியெல்லாம் டிமென்ஷியாவும் அல்ல. சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் மருந்துகள் தேங்குகின்றன. நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், தசைப் பிடிப்புக்கான பேக்லோஃபென், அக்கிக்கான அசைக்ளோவிர், கிருமிக்கான செஃபெபைம், எல்லாமே அளவு குறைக்காவிட்டால் குழப்பத்தையும் உளறலையும் கொண்டுவரும். மருந்தை நிறுத்தி, டயாலிசிஸ் செய்தால் சில நாட்களில் தெளிவு வரும். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு, காது கேளாமை எல்லாம் மறதி வேஷத்தில் வரலாம். அதனால் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்த்து, கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கிய வாரத்தில் பார்த்துவிட்டு 'இவருக்கு டிமென்ஷியா' என்று முத்திரை குத்துவது அநியாயம். உடம்பு அடங்கி, சில வாரம் கழித்துப் பார்க்க வேண்டும்.

எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். மர்ரேயின் குழு இன்னொரு சிறு ஆய்வில், ஒரே நோயாளியை டயாலிசிஸுக்கு முன், நடுவில், பின், மறுநாள் என்று வெவ்வேறு நேரங்களில் சோதித்தது. அறிவு மிக மங்கலாக இருந்தது எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். டயாலிசிஸுக்குச் சற்று முன்னும் மறுநாளும் நன்றாக இருந்தது. மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்து நோயாளியிடம் உணவு முறையை விளக்குவதும், அடுத்த அறுவைக்குச் சம்மதம் கேட்பதும் பல இடங்களில் அந்த மங்கலான நாலு மணி நேரத்துக்குள்தான்.

சரி, டிமென்ஷியா உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்திரம் எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே மாதிரிதான் சுத்தம் செய்கிறது. பிறகு ஏன் இவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள்? முன்கூட்டியே ஃபிஸ்டுலா போட்டுத் தயாராவது இவர்களிடம் நடப்பது குறைவு. கழுத்துக் குழாயோடு தொடங்குவார்கள், அதில் கிருமி ஏறும். இவர்கள் சாப்பாட்டை மறப்பார்கள், ரத்தப் புரதமான ஆல்புமின் இறங்கும். தலை சுற்றிக் கீழே விழுவார்கள், இடுப்பு எலும்பு உடையும். எங்கே இருக்கிறோம், கையில் ஏன் ஊசி குத்தியிருக்கிறது என்று புரியாமல் பிடுங்கி எறிவார்கள். மருந்து கொடுத்து மயக்கினால் இன்னும் குழம்புவார்கள். ஒவ்வொரு முறையும் ஊசியைப் புதிதாகச் சந்திக்கும் ஒருவருக்கு, இது சிகிச்சை என்று எப்படிப் புரியவைப்பது? நெஞ்சு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சொல்லத் தெரியாததால் நோய் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படும். டயாலிசிஸ் நோயாளி ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பைக் கணிக்க 2010-இல் அமெரிக்காவில் ஒரு முறை உருவாக்கினார்கள். அதில் ஐந்தே கூறுகள்: வயது, ஆல்புமின், கால் ரத்தக்குழாய் அடைப்பு, 'இவர் ஆறு மாதத்தில் இறந்தால் நான் ஆச்சரியப்படுவேனா' என்று மருத்துவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி, டிமென்ஷியா. ஆயிரம் பரிசோதனைகளுக்கு நடுவே அந்த ஐந்தில் ஒன்றாக மூளை வந்து நிற்கிறது.

எவ்வளவு காலம் என்பதற்கு இணையாக எப்படிப்பட்ட காலம் என்பதும் கேட்கப்பட வேண்டும். 2009-இல் மஞ்சுளா குரெல்லா தமுராவும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றி எழுதினார்கள். ஓராண்டில் 58 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். தொடங்கும் முன் இருந்த அளவுக்காவது தானே எழுந்து, உடுத்தி, சாப்பிடும் நிலையைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் 13 சதவீதம்தான். தொடங்கினால் தெம்பு வந்துவிடும் என்று நம்பிச் சம்மதித்த குடும்பங்கள் அதில் எத்தனை இருந்திருக்கும்!

லண்டனில் 75 வயதுக்கு மேற்பட்ட 129 பேரைப் பற்றிய 2007 ஆய்வில், டயாலிசிஸை ஏற்றவர்கள் ஏற்காதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். ஆனால் இதயநோய் உள்ளிட்ட வேறு பல நோய்கள் சேர்ந்திருந்தவர்களிடம் அந்த ஆதாயம் கரைந்துபோனது. 2024-இல் வெளியான இன்னொரு ஆய்வு, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பரிந்துரைக்கப்படாத, 65 வயதைத் தாண்டிய இருபதாயிரம் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் பதிவுகளைப் பார்த்தது. வடிகட்டும் திறன் 12-க்குக் கீழே போனதுமே டயாலிசிஸ் தொடங்கியவர்கள், காத்திருந்தவர்களைவிட மூன்று ஆண்டுக் கணக்கில் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள். வீட்டில் கழித்த நாட்களோ ஏறக்குறைய பதினான்கு குறைந்தன. இவை டிமென்ஷியா நோயாளிகளை மட்டும் பார்த்த ஆய்வுகள் அல்ல. ஆனால் வயதானவருக்கு டயாலிசிஸ் எதைக் கொடுக்கிறது, பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கு இவற்றில் தெரிகிறது.

டயாலிசிஸ் வேண்டாம் என்றால் ஒன்றும் செய்யாமல் விடுவது என்று அர்த்தமில்லை. ரத்தசோகைக்கு ஊசி, வீக்கத்துக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஃப்ரூசிமைடு, அரிப்புக்கும் குமட்டலுக்கும் மருந்து, வலிக்கு உடலில் தேங்காத வலி நிவாரணி. இதைத் திறமையாகச் செய்யும் மருத்துவமுறை இருக்கிறது, அதில் மாதங்களும் சிலருக்கு ஆண்டுகளும் கிடைக்கின்றன. நடுவழியும் உண்டு. அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி நெறி, முடிவெடுக்கத் தடுமாறும் குடும்பங்களுக்கு, காலம் வரையறுத்த சோதனை ஓட்டத்தை முன்வைக்கிறது. ஒரு மாதமோ மூன்று மாதமோ செய்து பார்ப்பது. தெளிவு கூடியதா, சாப்பிடுகிறாரா, ஊசிக்கு அலறுகிறாரா என்று பார்த்து, கெடு முடியும் நாளில் மீண்டும் உட்கார்ந்து பேசுவது. தொடங்கியதை நிறுத்துவது பாவம் என்ற பயத்தை முதல் நாளே இறக்கிவைக்கும் வழி இது. முற்றிய டிமென்ஷியாவில் ஊசியைப் பிடுங்கிக்கொண்டே இருப்பவருக்கு டயாலிசிஸைத் தவிர்ப்பது முறையே என்றும் அந்த நெறி வெளிப்படையாகச் சொல்கிறது. நிறுத்திய பிறகு நோயாளி பெரும்பாலும் ஒரு வார அளவில் இறக்கிறார். நல்ல வலித்தணிப்புச் சிகிச்சை இருந்தால் உறக்கம் கூடிக்கூடி அமைதியாகவே முடிகிறது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸுக்கான பைகளை, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆரம்பகட்ட மறதி உள்ள, ஆஸ்பத்திரிச் சூழலில் பதறுகிற ஒரு பெரியவருக்கு இந்த வயிற்று டயாலிசிஸ் நல்ல வழியாகலாம். ஊசி இல்லை, ரத்த அழுத்தம் திடீரென்று விழுவதில்லை, பழகிய கட்டில், பழகிய முகங்கள். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, கை சுத்தத்தோடு, பையை மாற்ற வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அநேகமாக மருமகளோ மகளோ மனைவியோதான். அவரால் முடியுமா என்று அவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிகிச்சையைத் தவிர்க்கவும் நிறுத்தவும் சட்டம் நம்மைத் தடுக்கிறதா? 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், நினைவு தெளிவாக இருக்கும்போதே ஒருவர் தன் இறுதிக்காலச் சிகிச்சையைப் பற்றி எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திடலாம் என்றது. தனக்குப் பதிலாக முடிவெடுக்க வேண்டியவர் பெயரையும் அதில் எழுதலாம். இப்படி எழுதிவைக்கும் தேவை இனி பெருகும்: இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள வீடுகளில் டிமென்ஷியாவும் சிறுநீரகச் செயலிழப்பும் ஒரே ஆளிடம் சந்திக்கப்போவது கூடிக்கொண்டேதான் போகும்.

உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் இருபதை நெருங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னால், ஃபிஸ்டுலாவுக்குத் தேதி வாங்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். அவருடைய நினைவையும் யோசிக்கும் திறனையும் ஒரு தடவை முறையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். காகிதமும் பேனாவும் போதும், அரை மணி நேரம்கூட ஆகாது. பிறகு, அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலை வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து, எது போனால் வாழ்க்கை தனக்கு வாழ்க்கையாக இருக்காது என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி, கையெழுத்து வாங்கி, மருத்துவரின் கோப்பில் வைத்துவிடுங்கள்.